தூசி படாத நூலகம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், பஸ்காரன் திட்டிக்கொண்டே நிறுத்துகிற இடத்தில் எங்கள் கல்லூரி இருக்கிறது. அதன் நூலகத்துக்குள் செருப்போடு போகக் கூடாது என்ற விதி கம்ப்யூட்டர் வந்த அன்று வந்தது. அதற்கு முன் ஆடுகள் போய்வந்திருக்கின்றன. மழைக்கு ஒதுங்கிய கல்யாணக் கூட்டம் ஒன்று அங்கேயே இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறது. யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

எங்கள் கல்லூரி என்று சொல்ல எனக்குப் பாதி உரிமைதான். வேதியியல் படிப்பைப் பாதியில் விட்டவன். இப்போது நூற்பு மில்லில் இரவு ஷிப்ட். மில்லை நடத்துகிற குடும்பம்தான் கல்லூரியையும் நடத்துகிறது. ஆகவே படிப்பை விட்டும் நான் எங்கேயும் போய்விடவில்லை.

கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்றிரண்டில். மில் கொடுத்த நன்கொடை. திறப்பு விழாவுக்குக் கூட்டம் போதாது என்று ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்களை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பந்தலில் உட்கார வைத்தார்கள். நானும் அப்படித்தான் போனேன். கண் எரிந்தது. தூங்கலாம் என்றால் மைக் செட்டை என் காதுக்குப் பக்கத்தில் கட்டியிருந்தான்.

கல்லூரி முதல்வர் வேங்கடேசன் பேசினார். புதுக் கோட்டு போட்டிருந்தார். வெயிலில் அது அவரைத் தின்றுகொண்டிருந்தது.

“இதுவரைக்கும் ஒரு மாணவனுக்குப் புத்தகம் வேண்டுமென்றால் அவனே நூலகத்துக்கு வர வேண்டும். அலமாரி அலமாரியாகத் தேட வேண்டும். கடைசியில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் படிக்கவும் வேண்டும். அந்தக் கொடுமை இன்றோடு ஒழிந்தது. இனி ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், புத்தகம் இல்லை என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். நான் ஒரு கனவு காண்கிறேன். புத்தகம் இல்லை என்பதை மாணவர்கள் வீட்டில் இருந்தபடியே தெரிந்துகொள்ளும் காலம் வரும்.”

முன்வரிசை கைதட்டியது. நாங்களும் தட்டினோம். தட்டியதில் எங்கள் சட்டையில் இருந்த பஞ்சு எழும்பிப் பந்தல் முழுக்கப் பறந்தது. முன்வரிசை கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டது.

கம்ப்யூட்டருக்கு மதுரையிலிருந்து வந்த கம்பெனி இன்ஜினியர் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். தூசிதான் இதற்கு எமன். உடனே கமிட்டி போட்டார்கள். நூலகத்தில் தூசி எங்கிருந்து வருகிறது என்று கமிட்டி ஆராய்ந்தது. புத்தகங்களிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தது. புத்தகங்களை அள்ளி, பின்னாலிருந்த சைக்கிள் ஷெட்டில் போட்டார்கள். ஷெட்டில் இருந்த சைக்கிள்கள் நூலகத்து வராந்தாவுக்கு வந்தன. சைக்கிளில் தூசி கிடையாதா என்று ஒரு வாத்தியார் கேட்டாராம். சைக்கிளை ஒரு துணியால் துடைத்துவிடலாம், புத்தகத்தைப் பக்கம் பக்கமாக அல்லவா துடைக்க வேண்டும் என்று கமிட்டி பதில் எழுதியது.

நூலகர் சக்ரபாணி ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அவர் அறைக்கதவில் நூலகர் என்று இருந்ததை அழித்து, தகவல் அலுவலர் என்று எழுதினார்கள். அவர் கம்ப்யூட்டரின் நெற்றியில் திருமண் இட்டார். மேஜையின் நாலு காலிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். கண்ணாடித் தடுப்பு போட்டு, குளிர்சாதனம் வைத்து, மத்தியானம் அது இளைப்பாறும்போது வெல்வெட் துணியால் மூடினார்கள். வாத்தியார்மார் வீட்டுப் பெண்களைக் கூட்டிவந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று காட்டிவிட்டுப் போனார்கள். கடைநிலை ஊழியர் ஐயாதுரை நெற்றி நிறைய விபூதி பூசுகிற ஆள். விபூதியும் தூசிதான் என்று அவருக்கு எழுத்தில் மெமோ வந்தது. திருமண் குழைத்து இடுவது, காய்ந்தாலும் உதிராது என்று அதே மெமோவில் விளக்கமும் இருந்தது.

இதெல்லாம் எனக்கு வேண்டாத விஷயமாகத்தான் இருந்தது, அக்காவுக்கு நெஞ்சு அடைக்கிற வரை.

என் அக்கா சுடலைமாடத்தி அதே மில்லில் பகல் ஷிப்ட். கழிவுப் பஞ்சு குடோனில் வேலை. மெஷினில் இருந்து தள்ளுகிற கழிவை உதறி, பொறுக்கி, தரம் பிரித்து மூட்டை கட்ட வேண்டும். குடோனுக்கு ஜன்னல் உண்டு. பஞ்சு பறந்து வீணாகிவிடும் என்று அதை ஆணி அடித்து மூடியிருக்கிறார்கள். உள்ளே போனால் எதிரில் நிற்கிற ஆள் புகைக்குள் நிற்கிற மாதிரி தெரிவான். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து திரும்பி வந்த நாள் முதல் அவள் அங்கேதான் இருக்கிறாள். வீட்டில் அவளும் நானும்தான்.

அவள் மூச்சில் ஒரு விசித்திரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வார லீவு. அன்றைக்கு நன்றாக இருப்பாள். திங்கட்கிழமை வேலைக்குப் போய்க் கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். செவ்வாய் கொஞ்சம் குறையும். சனிக்கிழமை சிரித்துப் பேசிக்கொண்டு வருவாள். மறுபடி திங்கட்கிழமை சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

மில் டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார்.

“லீவு முடிஞ்சு வர்ற அன்னைக்கு மட்டும் மூச்சு முட்டுதுன்னா அது நோய் இல்லம்மா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வர்ற வயித்துவலி.”

அதையே அழகான ஆங்கிலத்தில் எழுதி மானேஜருக்கு அனுப்பிவிட்டார். மானேஜர் அக்காவையும் என்னையும் கூப்பிட்டார்.

“பேக்கிங்குக்கு மாத்துங்கன்னு கேக்குறே. சரி. பஞ்சுத் தூசியிலதான் இது வருதுன்னு எந்தப் புத்தகத்துலயாவது இருக்கா? கொண்டாந்து காட்டு, நாளைக்கே மாத்துறேன். வெள்ளிக்கிழமை விசாரணை. காட்ட முடியலன்னா, நடிச்சேன்னு ஆகும். வேலைய விட்டு எழுதிக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதான்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக வைத்தியம் பார்க்கிற ஒரு டாக்டரிடம் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். திங்கட்கிழமைக் கதையைச் சொன்னதும் குழாயைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“இதுக்குப் பேரு இருக்கு. பஞ்சுத் தூசியிலதான் வரும். திங்கட்கிழமை முட்டுறதுதான் அதுக்கு அடையாளமே.”

“எழுதிக் குடுங்க சார்.”

“எழுதித் தர மாட்டேன் தம்பி. இந்த ஊர்ல நான் இன்னும் கொஞ்ச நாள் பிழைக்கணும். புத்தகத்துல இருக்கும். பாரு.”

புத்தகம் என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. யாரோ ஒரு டாக்டர் செத்த பிறகு, வீட்டில் இடத்தை அடைக்கிறது என்று அவர் புத்தகங்களைக் கல்லூரிக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் பச்சை அட்டை போட்ட தலையணை மாதிரி ஒன்று, தொழிற்சாலை நோய்களைப் பற்றியது. தலையணை மாதிரி என்று சும்மா சொல்லவில்லை. படிக்கிற காலத்தில் வகுப்புக்குப் போகாமல் அதன் மேல்தான் தலையை வைத்துத் தூங்குவேன். பார்வை நூல், வெளியே தர மாட்டார்கள், அதனால் எப்போது போனாலும் அங்கேயே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நேராகக் கல்லூரிக்குப் போனேன். செருப்பைக் கழற்றினேன். வாசலில் வாளியும் சொம்பும் இருந்தன. காலைக் கழுவினேன். படியில் ஐயாதுரை ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றார். யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய் அதில் தொங்கியது.

“ஏலே சோணை, அங்கனயே நில்லு. ரெண்டு கையையும் விரி.”

“என்னண்ணே இது?”

“தூசி உறிஞ்சுற மெஷினு. மில்லுக்காரன் வந்தா உறிஞ்சித்தான் உள்ள விடணுமாம். உம்மேல எம்புட்டுப் பஞ்சு இருக்கு பாரு, ஒரு தலாணி தைக்கலாம்.”

சுவிட்சைப் போட்டார். தலையிலிருந்து தொடங்கி, காது, கழுத்து, அக்குள் என்று உறிஞ்சினார். சட்டைப் பையில் இருந்த பீடியையும் அது இழுத்துக்கொண்டது. வேடிக்கை பார்த்த பையன்கள் சிரித்தார்கள். இத்தனை வருஷ வேலையில் என் மேல் இருந்த பஞ்சை எடுக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது அதுதான் முதல்முறை. என்னைக் காப்பாற்றுவதற்காக இல்லை என்பதால் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

உள்ளே சக்ரபாணி கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மூக்கில் பச்சைத் துணி கட்டியிருந்தார்.

“அங்கேயே நில்லும். இருமாதேயும். என்ன வேணும்?”

சொன்னேன்.

“ஓ, அந்தப் பச்சைப் புஸ்தகமா? நன்னாத் தெரியுமே. நான்தானே முத்திரை குத்தி வச்சேன்.”

எனக்கு உயிர் வந்தது. “அதத்தான் சார், ஒரு பக்கம் மட்டும் பார்க்கணும்.”

“பார்க்கப்படாதுன்னு யார் சொன்னா? ஆனா, எனக்குத் தெரியுங்கறது என்னோட சொந்த அபிப்ராயம். லைப்ரரியோட அபிப்ராயத்தை லைப்ரரிகிட்டதான் கேக்கணும். ரெபரன்ஸ் சர்வீஸ் பதினொரு மணிக்கு.”

“சார், புத்தகம் ஷெட்டுலதான் கிடக்கும். நானே போய்…”

“ஷெட்டுல இருக்கறது புஸ்தகம் இல்லை. காகிதம். கம்ப்யூட்டர்ல ஏறினாத்தான் அது புஸ்தகம்.”

பதினொரு மணிக்குக் கரண்ட் இல்லை. பன்னிரண்டுக்கு வந்தது. கரண்ட் வந்ததும் அறை குளிர வேண்டும். குளிர்ந்ததும் வெல்வெட்டை எடுத்து மடிக்க வேண்டும். மடிப்பதற்குள் அது இளைப்பாறும் நேரம் வந்துவிட்டது. நாளைக்கு வரச் சொன்னார்கள்.

புதன்கிழமை மறுபடி என்னை உறிஞ்சி உள்ளே விட்டார்கள். கம்ப்யூட்டரை இயக்கக் கமலவல்லி என்று ஒரு பெண் இருந்தாள். மதுரையில் மூன்று மாதம் படித்துவிட்டு வந்தவள். சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து இரக்கத்தோடு கேட்டாள்.

“எந்த வார்த்தையைப் போடட்டும் அண்ணா? ஒரே வார்த்தையாச் சொல்லுங்க. ரெண்டு வார்த்தை போட்டா இது கோவிச்சுக்கும்.”

பஞ்சு என்பதற்கு ஆங்கில வார்த்தையைச் சொன்னேன். அடித்தாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடத் தொடங்கியது. ஓடிக்கொண்டே இருந்தது. அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். சக்ரபாணி கண்ணை மூடிக் கைகூப்பினார்.

“அகப்பட்டுடுத்து! ஒண்ணா ரெண்டா, அடேயப்பா!”

கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஒரே பெயர்தான் வரிவரியாக வந்துகொண்டிருந்தது. மில்லைத் தொடங்கிய பெரிய முதலாளியின் அறுபதாம் கல்யாண மலர். பருத்திக்குப் பெருமை சேர்த்த பெருமகன் என்ற அதன் தலைப்பை ஆங்கிலமாக்கி அடித்திருந்தார்கள். விழாவில் விற்காமல் மிஞ்சிய பிரதிகளை எல்லாம் கல்லூரிக்குக் கொடுத்திருந்தார்கள். தாளாளர் குடும்பம் கொடுத்த புத்தகங்களை முதலில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியாக ஏற்றியிருந்தாள் அந்தப் பெண்.

“வேற ஒன்னுமே ஏத்தலையாம்மா?”

“சாமி புத்தகம் கொஞ்சம் ஏறிருச்சு அண்ணா. அறிவியல் எல்லாம் அடுத்த வருஷம்.”

சக்ரபாணி ஒரு மலரை எடுத்து என் கையில் கொடுத்தார். அது மட்டும் கண்ணாடி அலமாரியில் இருந்தது, ஷெட்டுக்குப் போகவில்லை. பிரித்துப் பார்த்தேன். நடுப்பக்கத்தில் மில்லைப் பற்றிக் கட்டுரை. “இங்கே தொழிலாளர்கள் மலைக்காற்றைச் சுவாசித்தபடி பணியாற்றுகிறார்கள்” என்று எழுதியிருந்தது. வாய் கசந்தது. துப்ப வேண்டும் போல் இருந்தது. கால் கழுவிவிட்டு வந்த இடம், விழுங்கிக்கொண்டேன்.

“நீர் கேட்டது பஞ்சுல வேலை பார்க்கறவா சுவாசத்தைப் பத்தி. இதிலே இருக்கு. வேற என்ன வேணும் ஓய்?”

“நோய் சார். தூசியில வர்ற நோய்.”

“தூசியா?” அவர் முகமே மாறிவிட்டது. அவ்வளவு நேரம் இல்லாத கவலை குரலில் வந்தது. “அதை ஏன் கேக்கறேள். தூசி எப்பேர்ப்பட்ட பாவின்னு உமக்குத் தெரியாது. ஒரே நாள்ல ஒண்ணும் பண்ணாது. கொஞ்சம் கொஞ்சமா உள்ளே போய் உக்காந்துக்கும். சன்னமா அடைக்கும். வெளியிலேர்ந்து பார்த்தா நன்னாத்தான் இருக்கும். லீவு முடிஞ்சு போட்டேள்னா, அன்னிக்குப் பார்த்து மூச்சு முட்டும். அப்படியே ஒருநாள் நின்னுடும். இன்ஜினியர் எழுதியே கொடுத்திருக்கார். அதுவும் பஞ்சுத் தூசி இருக்கே, படவே படாதாம். பஞ்சு பறக்கற எடத்துல ஒரு மணி நேரம்கூட வைக்கக் கூடாதாம்.”

“யாரை சார்?”

“கம்ப்யூட்டரைத்தான்.”

வெளியே வந்தேன். ஐயாதுரை செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் என் செருப்பைப் போடாமல் நிற்பதைப் பார்த்தார்.

“கெடைக்கலையாடே?”

“அது மலரக் குடுக்குது அண்ணே.”

“எல்லாருக்கும் அதத்தான் குடுக்குது. போன வாரம் ஒரு பிள்ள பரிச்சைக்கு மண்ணியல் கேட்டுச்சு. அதுக்கும் அதத்தான் குடுத்தாவ.” அவர் சுற்றிலும் பார்த்தார். “செத்த நேரம் இரு. இது தூங்கப் போகட்டும். ஷெட்டுச் சாவி என்கிட்டதான் இருக்கு.”

ஷெட்டைத் திறந்ததும் எலி மூத்திர நாற்றம் முகத்தில் அடித்தது. புத்தகங்கள் மண்வெட்டியால் அள்ளிப் போட்ட மாதிரி குவிந்து கிடந்தன. கீழ்ப்பாதியில் மழைத்தண்ணீர் ஏறி, காய்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிச் சுவராகியிருந்தது. நாய் ஒன்று கலைக்களஞ்சியங்களுக்கு நடுவில் குட்டி போட்டிருந்தது. அந்த நூலகத்தில் அப்போது இருந்த வாசகர்கள் அவைதான்.

பச்சை அட்டை கிடைத்தது. அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே முதல் பக்கங்கள் எல்லாம் கரையான் மண். புத்தகத்தின் பெயர் இருந்த பக்கம் இல்லை, எழுதியவன் பெயர் இல்லை, முத்திரை இல்லை. மீதி, பக்கத்தில் இருந்த இரண்டு புத்தகங்களோடு ஒட்டிக்கொண்டு செங்கல் மாதிரி கிடந்தது. ஆணியால் நெம்பினேன். நடுவில் சில பக்கங்கள் பிரிந்தன.

அதில் இருந்தது. படித்த கொஞ்ச ஆங்கிலத்தை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். பஞ்சாலைத் தொழிலாளி. நெஞ்சு இறுக்கம். வார ஓய்வுக்குப் பின் வேலைக்குத் திரும்புகிற முதல் நாள். திங்கட்கிழமை என்றே போட்டிருந்தது. எவனோ வெள்ளைக்காரன், எங்கேயோ இருந்துகொண்டு, என் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எழுதிவைத்த மாதிரி இருந்தது.

கிழித்தேன்.

“ஏலே, பார்வை நூலுடே!” என்றார் ஐயாதுரை. பழக்க தோஷம். பிறகு நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “கொண்டு போ” என்றார்.

வெள்ளிக்கிழமை மானேஜர் அறையில் விசாரணை. அங்கேயும் குளிர்சாதனம். அக்கா நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். மில் டாக்டர் ஒரு பக்கம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தை மேஜையில் வைத்தேன். மானேஜர் படித்தார். டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் படித்துவிட்டு நகவெட்டியைப் பைக்குள் போட்டார். இருவரும் கொஞ்ச நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

“இது எந்தப் புத்தகம்?” என்றார் மானேஜர்.

“பேரு கரையான் தின்னுருச்சு சார். நம்ம காலேஜ் லைப்ரரிப் புத்தகம்.”

“பேரு இல்ல, ஊரு இல்ல. எவன் வேணாலும் அச்சடிக்கலாம். லைப்ரரில இருக்குன்னு லைப்ரரி சொல்லட்டும்.”

போனை எடுத்தார்.

இரண்டு நாள் ரெபரன்ஸ் சர்வீஸுக்காக நான் உறிஞ்சப்பட்டு நின்றவன். அந்த சர்வீஸ் எவ்வளவு வேகமானது என்று அன்றுதான் பார்த்தேன். மானேஜர் வாங்கிக் கொடுத்த டீ ஆறுவதற்குள் மில் காரில் சக்ரபாணி வந்து இறங்கினார். பின்னால் ஐயாதுரை ஒரு பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அறை வாசலில் இருவரும் செருப்பைக் கழற்றினார்கள்.

உறைக்குள் இரண்டு ஓரமும் ஓட்டை போட்ட நீளமான காகிதம். அதன் நடுவில் ஒரே ஒரு வரி. கீழே கல்லூரி முத்திரை.

“கேட்ட விஷயத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தோம்” என்றார் சக்ரபாணி. “அப்படி ஒரு புஸ்தகம் இல்லைன்னு வந்துடுத்து. ஸ்தாபனத்துக்கு முதன்முதலா அதிகாரபூர்வமா ஒரு தகவல் கொடுக்கறோம். முதல்வரே கையெழுத்துப் போட்டுட்டார்.”

நான் எழுந்துவிட்டேன். “சார், நன்னாத் தெரியும்னு நீங்கதான சொன்னீக? நீங்கதான முத்திரை குத்துனீக? அந்தப் புத்தகத்து மேல நான் தலைய வச்சுத் தூங்கியிருக்கேன் சார்!”

“தூங்கறது ரெபரன்ஸ் ஆகாது ஓய்.” கோபமே இல்லாமல்தான் சொன்னார். “முன்னெல்லாம் புஸ்தகம் இருந்தா, இருக்குன்னு அர்த்தம். அது பழைய முறை. அதுல தப்பு நிறைய வரும். இப்போ ஏறியிருந்தா இருக்கு. ஏறலைன்னா இல்லை. இதுல மனுஷாளோட விருப்பு வெறுப்புக்கே எடம் கிடையாது.”

மேஜையில் இரண்டு காகிதங்கள் கிடந்தன. ஒன்று பழுப்பேறி, ஓரம் அரித்து, எலி நாற்றத்தோடு. இன்னொன்று வெள்ளையாக, இஸ்திரி போட்ட மாதிரி. மானேஜர் பழுப்புக் காகிதத்தை விரல் நுனியால் தள்ளினார். தள்ளிய விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

அக்கா அந்த வெள்ளைக் காகிதத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஏலே, இதுல என்ன எழுதியிருக்கு?”

“ஒன்னுமில்லன்னு எழுதியிருக்கு யக்கா.”

“ஒன்னுமில்லன்னு எழுதவா இம்புட்டுப் பெரிய காயிதம்?”

ஐயாதுரைக்கு மட்டும் சிரிப்பு வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டார். சக்ரபாணி அவரை விட்டு ஓரடி தள்ளி நின்றார்.

மானேஜர் கருணை காட்டினார். வேலையை விட்டு நிறுத்தவில்லை. ‘எனக்கு எந்த நோயும் இல்லை, இனி திங்கட்கிழமைகளில் மூச்சு முட்டாது’ என்று எழுதி அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அதோடு கம்ப்யூட்டர் காகிதத்தையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார்கள். நான் கிழித்துக் கொண்டுவந்த பக்கத்தின் மேல் டாக்டர் டீக் கிளாஸை வைத்திருந்தார். அது வட்டமாக ஊறிப்போயிருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியில் நான்தான் பொறுக்க மாட்டாமல் சொன்னேன்.

“வேலைய விட்டுரு யக்கா. நான் ஒருத்தன் சம்பாதிச்சாப் போதும்.”

“நீ எங்க சம்பாதிக்க? அதே பஞ்சுலதான? நாளைக்கு நீயும் சொவத்தப் பிடிச்சுக்கிட்டு நிப்பே. அப்ப யாரு ஒலை வைக்கது? வாலே பேசாம.”

அடுத்த திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. குடோன் வாசலில் நின்றேன். உள்ளே போன அக்கா பத்து மணி வாக்கில் வெளியே வந்து, படியில் உட்கார்ந்துவிட்டாள். வாயைத் திறந்து காற்றைக் கடித்து இழுத்தாள். தோள்பட்டை ஏறி ஏறி இறங்கியது. மேஸ்திரி எட்டிப் பார்த்து, “எழுதிக் குடுத்திருக்கேல்லா? முட்டாதுன்னு சொன்னேல்லா?” என்றார்.

அப்போது சைக்கிளில் ஐயாதுரை வந்தார். கையில் ஒரு காலிப் பை. நெற்றியில் விபூதி இல்லை. அக்கா முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

“கம்ப்யூட்டர் நின்னு போச்சும்மா. நேத்து லீவுல்லா, சும்மா கெடந்துச்சு. இன்னைக்குக் காலைல போட்டாவ. மூச்சு முட்டுன மாதிரி ஒரு சத்தம். அம்புட்டுதான். மதுரைக்குப் போன் போட்டிருக்காவ, இன்ஜினியர் கார்ல வாராராம். அதுவரைக்கும் யாரும் தொடப்படாது, ஒரு வாரம் ரெஸ்ட்டு விடணும்னு முதல்வர் உத்தரவு. சக்ரபாணி சாரு காலைல இருந்து சாப்பிடல.” பையை நீட்டினார். “தொடைக்கதுக்குக் கழிவுப் பஞ்சு வாங்கியாரச் சொன்னாவ. தூசி இல்லாததாப் பாத்து, நல்லா உதறிக் குடுக்கச் சொன்னாவ.”

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“லீவு முடிஞ்சு போட்ட அன்னைக்கா முட்டுச்சு?”

“ஆமாம்மா.”

“அது நடிக்குதுன்னு யாரும் சொல்லலையா?”

ஐயாதுரை சைக்கிள் மணியை விரலால் நோண்டிக்கொண்டு நின்றார். பையை அவர் கையிலிருந்து பிடுங்கி எறிய வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது. அதற்குள் அக்கா அதை வாங்கிக்கொண்டு சுவரைப் பிடித்து எழுந்தாள்.

உள்ளே போய் ஒரு மூட்டையை அவிழ்த்தாள். ஒவ்வொரு பிடியாக எடுத்து, முகத்துக்கு நேராகத் தூக்கி உதறினாள். தூசி எழும்பி அவளை மூடியது. கை மட்டும் தெரிந்தது. விதைத் துணுக்கும் இலைச்சருகும் போய், பால் மாதிரி மெத்தென்று வந்த பஞ்சைத் தனியாக வைத்தாள். நின்று இருமுவாள், மறுபடி உதறுவாள். பை நிறைந்ததும் கொண்டுவந்து ஐயாதுரை கையில் கொடுத்தாள்.

“மெதுவாத் தொடைக்கச் சொல்லுங்க. பாவம், வாயில்லாத சீவன்.”

பிறகு உள்ளே போய் அடுத்த மூட்டையை அவிழ்த்தாள்.